வேலைத்தலத்து நஞ்சு: திருகோணமலைத் தொழிலாளி எந்தக் கதவை முதலில் தட்டுவது?

தம்பியின் கீழுதட்டை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு, சின்ன டோர்ச் வெளிச்சத்தில் டொக்டர் ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில், பென்சிலால் இழுத்ததுபோல் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு கோடு ஓடியது. “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். வயிற்றுவலி, மலச்சிக்கல், களைப்பு என்று எட்டு மாதமாக அலைந்தவனிடம் அதுவரை யாருமே கேட்காத கேள்வி அது. கேஸ்ட்ரிக் என்று சொல்லிக் குளிசை கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். “பழைய பற்றறி உடைக்கிற இடத்தில், டொக்டர்” என்றான்.

அவன் என் சின்னம்மாவின் மகன். திருகோணமலை நகரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தவன். வாகனப் பற்றறிகளைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை மணலில் ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளை இரும்புத் தாச்சியில் போட்டு உருக்கி அச்சில் வார்ப்பார்கள். முகத்துக்கு ஒரு லேஞ்சி. கை கழுவத் தண்ணீர் உண்டு, சவர்க்காரம் இல்லை. அதே கையால் பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பார்கள். மாலையில் போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்து இரண்டு வயது மகளைத் தூக்குவான்.

இரத்த மாதிரி கொழும்புக்குப் போய் வந்தது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 68 மைக்ரோகிராம் ஈயம். 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்குக் கிடையாது என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது.

அன்று மாலை சின்னம்மா வீட்டு முற்றத்தில் ஆளுக்கொரு யோசனை. வழக்குப் போட வேண்டும் என்றார் மாமா. தொழில் கந்தோருக்குப் போகலாம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணர். கட்டாருக்குப் போய்விடு என்றான் நண்பன். கல்யாணத்துக்குக் கடன் கொடுத்த முதலாளியைப் பகைக்காதே என்று சின்னம்மா அழுதார். மூன்றாம் நாள் முதலாளியின் ஆள் 60,000 ரூபாவோடும் கையெழுத்துக்கு ஒரு கடதாசியோடும் வந்தார்.

அந்த முற்றத்தில் பேசப்பட்ட ஒவ்வொன்றும் உண்மையான வழிதான். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனிக் காலக்கெடு. ஒரு கதவைத் தட்டினால் பூட்டிக்கொள்ளும் கதவுகளும் உண்டு. எதைத் தட்டினாலும் பூட்டாதவையும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் முதலடி வைத்தவர்கள் பின்னால் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். தம்பிக்குப் பிறகு வேறு சிலருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்ததில் கற்றதை வைத்து, இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஓடிப்போவது சான்று

எந்த வழியானாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. நான் மிக அவசரமாக நினைக்கிறேன்.

இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆனால் வழக்கமாகச் செய்வது இரத்தப் பரிசோதனைதான். வேலையை விட்டுவிட்டு, பேசிப் பார்ப்போம் என்று ஆறு மாதம் இழுத்தடித்தால் அளவு இறங்கிவிடும். நரம்பும் சிறுநீரகமும் கெட்டது கெட்டதாகவே இருக்கும். ஏன் கெட்டது என்று சொல்லும் தாள் மட்டும் உங்கள் கையில் இராது. ஆகவே பரிசோதனை முதலில், பேச்சுவார்த்தை பிறகு.

வாகனங்களுக்கு ஸ்பிரே பெயின்ற் அடிப்பவருக்கு வரும் இழைப்புக்குச் சான்று வேறு மாதிரி. இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் பெயின்றின் கடினமாக்கியில் ஐசோசயனேற் என்னும் பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழாயை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். பிறகு சிறிதளவு புகைக்கே மூச்சு அடைக்கும். வேலை நாளில் இழைத்து, லீவு நாளில் குறைந்தால் அதுவே பெரிய தடயம். ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய்க் கருவி ஒன்றை வாங்கி, காலை, பகல், இரவு என்று சில வாரம் ஊதி, எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் நெஞ்சுநோய் வைத்தியர் அதைக் கவனமாகப் பார்ப்பார். உப்புவெளிப் பக்கத்து இளைஞர் ஒருவர் பிள்ளையின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதிக் கொண்டுவந்தார். திங்கள் முதல் சனி வரை இறங்கி இறங்கிப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிமிரும் எண்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சிமெந்தில் வேலை செய்து கைத்தோல் வெடித்தவருக்கு, குரோமியம் ஒவ்வாமையைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

ஒவ்வொரு கிளினிக்கிலும் உங்கள் தொழிலை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். எழுதச் சொல்லிக் கேளுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் நோய் விபர அட்டையில் தொழிலும், தொடர்புபட்ட பொருளும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

மற்றத் தாள்கள்: சம்பளத் துண்டு இருந்தால் அது, ஊழியர் சேமலாப நிதி விபரம், வேலையிடத்தில் எடுத்த படங்கள், மேற்பார்வையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி, கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி. இங்கே பல கொட்டகைகளில் சம்பளம் சனிக்கிழமை கையில்தான். நோய் வந்ததும் “இவர் இங்கே வேலையே செய்யவில்லை” என்பதுதான் முதலில் வரும் பதில்.

ஒரு நாளில் வந்ததா, ஆண்டுகளில் வந்ததா

நட்டஈட்டுச் சட்டம் முதலில் இதைத்தான் கேட்கிறது.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பழையது. பல முறை திருத்தப்பட்டது. வேலையால், வேலையின்போது ஏற்படும் விபத்து அதன் மையம். நெல் களஞ்சியத்தில் பூச்சிக்குப் போடும் அலுமினியம் பொஸ்பைட் மாத்திரை ஈரக் காற்றில் பொஸ்பீன் வாயுவாக மாறுகிறது. மூடிய களஞ்சியத்தைக் காற்றாட விடாமல் திறந்து உள்ளே போனவர் அன்றே மயங்கி விழுகிறார். அது விபத்து. நாள், நேரம், கண்டவர்கள் எல்லாம் இருக்கும். நிரூபிப்பது ஒப்பீட்டில் எளிது.

மெதுவாக ஏறும் நஞ்சுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதற்காகத்தான் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. ஈய நஞ்சேற்றம் அதில் இருக்கிறது. அட்டவணையில் உள்ள நோய், அதற்குரிய வேலையில் தொடர்ச்சியாக இருந்தவருக்கு வந்தால், அது விபத்தால் வந்த காயம்போலவே கருதப்படும். வேலையால் வரவில்லை என்று காட்டும் சுமை முதலாளியின் பக்கம் சாய்கிறது. அட்டவணையில் இல்லாத நோய் என்றால், குறிப்பிட்ட ஒரு விபத்திலிருந்து நேரடியாக வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

ஆகவே முதலில் அட்டவணையைப் பாருங்கள். தம்பி எந்தப் பக்கம் என்பது, ஈயம் ஏறியதைக் காட்டி ஈறில் ஓடிய அந்தக் கோட்டோடு தீர்ந்துவிட்டது. கண்ணாடியிழைப் படகு கட்டும் இடத்தில் ரெசின் மணத்தில் ஆண்டுக்கணக்காகத் தலை சுற்றுபவருக்கு இந்தக் கட்டம் கடினமானது. அவருக்கு மாவட்ட நீதிமன்றமும் தொழில் திணைக்களமும் கூடுதலாக உதவலாம்.

நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை

மேலே சொன்ன சட்டத்தின்படி நட்டஈட்டைத் தீர்மானிப்பவர் இந்த ஆணையாளர். இந்த வழியின் பெரிய பலம், முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. வேலை செய்தீர்கள், வேலையால் காயமோ அட்டவணை நோயோ வந்தது, உழைக்கும் சக்தி குறைந்தது. இவ்வளவு காட்டினால் போதும். குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார் என்பதுபோன்ற சில விலக்குகள் உண்டு. கருவியே கொடுக்காத இடத்தில் அதைக் கழற்றினார் என்று சொல்ல முடியாது.

நாட்கூலி என்பதற்காக யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை. முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தீர்களா என்பதுதான் பார்க்கப்படும். மேன்பவர் ஆட்கள் மூலம் போனவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்த பிரதான முதலாளியையும் சட்டம் பொறுப்பாளியாக்குகிறது. சீனன்குடாவிலோ துறைமுகத்தை அண்டிய இடங்களிலோ ஒப்பந்தக்காரரின் ஆளாக நிற்பவர் “உன்னை எடுத்தவனைக் கேள்” என்ற பதிலோடு திரும்பி வரத் தேவையில்லை.

பலவீனம் தொகையில் இருக்கிறது. மாதச் சம்பளமும் இழந்த உழைப்புச் சக்தியின் வீதமும் சேர்ந்துதான் கணக்கு. வலி, தூங்காத இரவுகள், தூக்க முடியாத பிள்ளை இவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. உச்ச வரம்பும் உண்டு. 2005 திருத்தத்தில் 550,000 ரூபாவாக இருந்தது, 2022 திருத்தத்தில் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. உயர்வு நல்லதுதான். ஆனாலும் ஈயத்தால் நரம்பு கெட்டு, முப்பது வயதில் மணிக்கட்டு தொங்கிப்போன ஒருவனுக்கு எஞ்சிய முப்பது ஆண்டு உழைப்பை நினைத்தால் அது சின்னத் தொகை. சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் முதலாளியால் இந்தக் கணக்கும் குறையும். சனிக்கிழமைச் சம்பளத்தைத் தேதியோடு கொப்பியில் எழுதி வைத்த மனைவிமார் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில். இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விசாரணைக்குப் போகும்போது பயணச் செலவும், ஒரு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். இதையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கப்படலாம் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். தீர்ப்பான தொகையை முதலாளி கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடும் ஏற்பாடு இருக்கிறது.

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு

மாமா சொன்ன வழி இது. இங்கே அடிப்படை உரோம டச்சுச் சட்டம். முதலாளி நியாயமான கவனம் எடுக்கத் தவறினார், அந்தத் தவறால் இந்தக் கேடு வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், மருத்துவச் செலவு, பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம். 20 இலட்சம் என்ற வரம்பு இங்கே இல்லை.

சுமையும் அதற்கேற்ற சுமைதான். வைத்திய நிபுணர் சாட்சி வேண்டும். வேலையிடத்துக் காற்றில் என்ன இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். ஆண்டுகள் போகும். சாட்சியாக நிற்க வேண்டிய கூட்டாளி இன்னும் அதே முதலாளியிடம் சம்பளம் வாங்குவார். அவர் பயப்படுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய வழக்குக்கு 2 ஆண்டுகள்தான். மெல்ல ஏறிய நோயில் அந்த 2 ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதிலேயே எதிர்த்தரப்பு மல்லுக்கட்டும். நோய் என்று தெரிந்த நாளையே தொடக்கமாக வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

முக்கியமான பூட்டு இங்கேதான் இருக்கிறது. ஒரே கேட்டுக்கு ஆணையாளரிடமும் நீதிமன்றத்திலும் இரண்டு இடத்தில் கேட்க முடியாது. ஒன்றில் கோரிக்கை தொடங்கினால் மற்றக் கதவு மூடும். “முதலில் ஆணையாளரிடம் கொஞ்சம் வாங்குவோம், பிறகு வழக்குப் போடுவோம்” என்று ஊரில் சிலர் சொல்லும் யோசனை நடக்காது. இந்தத் தேர்வைச் செய்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவது அதன் கடமை. சம்பள விபரமும் கிராம சேவகரின் கடிதமும் கொண்டு போனால் பேச்சு விரைவாக நகரும்.

என் கருத்து இது. முதலாளியின் தவறு எழுத்தில் இருக்க வேண்டும், உதாரணமாக முன்பே பரிசோதகர் எச்சரித்த கடிதம். இழப்பு அந்த உச்ச வரம்பைத் தெளிவாகத் தாண்ட வேண்டும். முதலாளியிடம் கொடுக்கச் சொத்து இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றம் பொருத்தம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆணையாளரின் வழியே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாங்கக்கூடியது. தகரக் கொட்டகை முதலாளிக்கு எதிராகப் பெரிய தீர்ப்பு வாங்கினாலும், அதை அறவிட அவரிடம் அந்தத் தகரம்தான் இருக்கும்.

தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு

இது காசு தரும் வழி இல்லை. ஆனாலும் எல்லாரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது என்பேன். இந்தக் கதவு வேறு எதையும் பூட்டாது.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் தொழிற்சாலை என்ற சொல்லின் பொருள் நாம் நினைப்பதைவிட அகலம். வியாபாரத்துக்காகப் பொருளைச் செய்தல், திருத்துதல், உடைத்தல் ஆகியவற்றுக்கு உடலுழைப்பாளரை வைத்திருக்கும் இடமும் அதற்குள் வரும். புகைபோக்கி உயர்ந்த கட்டடம்தான் தொழிற்சாலை என்று இல்லை. தூசும் புகையும் வெளியேற வழி, கழுவும் வசதி, கண் பாதுகாப்பு, நஞ்சுள்ள இடத்தில் உணவருந்தாமை எல்லாம் அந்தச் சட்டத்தின் பேச்சு. பரிசோதகர் உள்ளே நுழையலாம், மாதிரி எடுக்கலாம், வழக்குத் தொடரலாம்.

அதே சட்டம் வைத்தியருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் வந்தது என்று அவர் கருதும் ஈயம், பொஸ்பரஸ், ஆர்சனிக், பாதரச நஞ்சேற்றங்களையும் அந்திராக்ஸ் நோயையும் அவர் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் டொக்டரிடம் இதைப் பணிவாகக் கேட்டேன். அவர் மேசை இலாச்சியிலிருந்து கடதாசி எடுத்து அங்கேயே எழுதினார். அந்தக் கடிதத்தின் பிரதிதான் பின்னால் எங்கள் கையில் இருந்த மிகப் பலமான தாள்.

பயம் இருக்கும். இலங்கை 1956 இல் ஏற்றுக்கொண்ட தொழில் பரிசோதனைச் சமவாயம், முறைப்பாடு யாரிடமிருந்து வந்தது என்பதைப் பரிசோதகர் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் யார் சொன்னது என்று முதலாளி ஊகித்துவிடுவார். இன்னும் உள்ளே வேலை செய்பவர்கள் தனியே போகாமல் சேர்ந்து கையெழுத்து வைப்பது நல்லது. ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்யக் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

கொட்டகையின் அமிலம் கிணற்றுக்குப் போகிறது என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுதுங்கள். ஈய அமிலப் பற்றறிக் கழிவைக் கையாள உரிமம் வேண்டும் என்பது 2008 வர்த்தமானி விதிகளிலேயே இருக்கிறது. உரிமம் இல்லை என்று அங்கிருந்து வரும் ஒரு வரிப் பதிலும் உங்கள் கோப்பில் சேரட்டும்.

வேலை பறிபோனால், முதலாளி அரசாக இருந்தால்

நோயாளி என்றோ முறைப்பாடு செய்தார் என்றோ நிறுத்திவிட்டால், அது தனி விடயம். தொழில் நியாய சபைக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வாயால் “நாளைக்கு வரவேண்டாம்” என்றாலும் அது நிறுத்தம்தான். அந்த நாளைக் குறித்து வையுங்கள். நட்டஈட்டுக் கோரிக்கையை இது தடுக்காது.

அரச நிறுவனத்தில் வேலை என்றால் அடிப்படை உரிமை மனுவும் இருக்கிறது. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு 1 மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் உண்டு; அங்கே தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விடயத்தில் உயர் நீதிமன்றம் 2019 இல் 2 கோடி ரூபா செலுத்தக் கட்டளையிட்டது இந்த வகை மனுவில்தான். ஆனால் அது கிணறு இழந்த ஊரவர்களுக்கான தீர்ப்பு. ஒரு தொழிலாளியின் நுரையீரலுக்கு அதையே எதிர்பார்த்து, ஆணையாளரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

முற்றத்துக்கு வந்த கடதாசி

60,000 ரூபாவோடு வந்த கடதாசியில் இரண்டு வரிதான். முழு நட்டஈட்டையும் பெற்றுக்கொண்டேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. கீழே முத்திரை ஒட்ட இடம்.

உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் அதிகமானோர் எடுக்கும் வழி இதுதான். அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைக்குப் பால்மா வேண்டும். வாங்கியவரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்து வைக்கும்முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. முதலாளியும் தொழிலாளியும் தொகைக்கு உடன்பட்டால் அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை நியாயமற்றது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். சமரசம் கெட்ட வழி இல்லை. முற்றத்து மேசையில் முடிக்கும் சமரசம்தான் கெட்டது. “தருகிற தொகையை ஆணையாளரிடம் பதிந்து தாருங்கள்” என்ற ஒரு வசனம், வந்தவர் உண்மையாகவே உதவ வந்தாரா என்பதைக் காட்டிவிடும்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்துக் காசும் வாங்கிவிட்டீர்களா? எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருக்க வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள்.

கட்டார் வழியையும் பார்த்தோம். போகும்முன் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் இரத்தச்சோகையோடு தேறுவதே சந்தேகம். தேறினாலும், கை பலமில்லாதவன் அங்கே எந்த வேலையைப் பிடிப்பான்? அவன் அங்கே இருக்கும்போது இங்கே காலக்கெடுக்கள் ஒவ்வொன்றாக முடிந்துபோகும்.

நாங்கள் எடுத்த முடிவு

வரிசை இப்படி அமைந்தது. வேலையை அன்றே நிறுத்தினோம். பிள்ளையின் இரத்தத்தையும் சோதித்தோம். அவளிலும் ஈயம் இருந்தது, தந்தையைவிட மிகக் குறைவு, ஆனாலும் இருந்தது. அன்றிரவு சின்னம்மா அந்தச் சட்டைகளை எல்லாம் தனியே கட்டி வெளியே வைத்தார். அதற்குப் பிறகு அவர் கடன் கொடுத்த முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. டொக்டரின் அறிவிப்பும் எங்கள் முறைப்பாடும் ஒரே வாரத்தில் தொழில் திணைக்களத்துக்குப் போயின. பரிசோதனைக்கு ஆள் வந்தார்கள். கொட்டகையில் இருந்த மற்ற இருவரும் இரத்தம் கொடுத்தார்கள். சட்ட உதவி நிலையத்தில் இருந்த சட்டத்தரணி எங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு, முதலாளியிடம் என்ன சொத்து இருக்கிறது என்று முதலில் கேட்டார். பதிலைக் கேட்டதும் ஆணையாளரின் வழியையே சொன்னார். அட்டவணையில் உள்ள நோய், கையில் வைத்தியரின் கடிதம், சம்பளக் கொப்பி, இரண்டு சாட்சிகள். மாவட்ட நீதிமன்றக் கதவு மூடும் என்பதைத் தம்பிக்கு இரண்டு முறை விளக்கினார். அவன் யோசித்துத்தான் சரி என்றான்.

படிவத்தை என் வீட்டு விறாந்தையில் வைத்து நிரப்பினோம். பேனாவை இறுக்கிப் பிடிக்க அவனுக்குக் கை வரவில்லை. விரல்கள் வளைந்தன, மணிக்கட்டு நிமிர மறுத்தது. இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு எழுதினான். நான் எழுதித் தருகிறேன் என்றேன். பெயரும் கையெழுத்துமாவது என் கையாலேயே இருக்கட்டும் அண்ணா என்றான். தொழில் என்ற இடம் வந்ததும், வழக்கமாக எல்லா இடத்திலும் எழுதுவதுபோல் “கூலி” என்று எழுதப் போனான். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காமல் ஓரத்துக்கும் ஓடும்படி எழுதினான்: பற்றறி உடைத்து ஈயம் உருக்குதல், மூன்று ஆண்டு இரண்டு மாதம்.